இரண்டு என்று சொன்னவர்

"வலி பத்துல எத்தனை?" என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? மெத்தை தூக்குகிறவருக்கு முதலில் அந்தக் கணக்கே புரியவில்லை. துணைக்குப் போயிருந்த மகளுக்கும் புரியவில்லை.

பத்தொன்பது வருடம் ஒரு மெத்தைக் கடையின் வண்டியில் போனவர் அவர். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் இரட்டை மெத்தையை முதுகில் சாய்த்துக்கொண்டு, எதிரே படி தெரியாமலே ஏறுவார். இடுப்பில் வலி குடியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் படுப்பது வெறுந்தரையில்.

"ஊருக்கெல்லாம் மெத்தை, உங்களுக்குத் தரை. நல்ல பொழப்புங்க," என்பாள் மனைவி. சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கக் கை கொடுப்பாள்.

கத்தி வைக்காமல் கையாலேயே முதுகைப் பார்க்கும் ஆஸ்டியோபதி டாக்டரம்மாவிடம் கடையிலிருந்து அவரை அனுப்பினார்கள். வலி தீரும்வரை தூக்கக் கூடாது, கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்து மெத்தை உறைகளில் சீட்டு ஒட்டட்டும் என்று டாக்டரம்மா கடைக்குக் கடிதம் கொடுத்தார். அந்த நாற்காலி போனால் மறுபடி வண்டிதான். அது அவருக்குத் தெரியும்.

தாங்கவே முடியாத வலிக்குப் பத்து என்று டாக்டரம்மா விளக்கியதும், முதல் நாள் "ஒம்பது" என்றார். டாக்டரம்மா ஒல்லியானவர், வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்து, முழங்கையால் அழுத்தி, காலை மடக்கி நீட்டி, நாற்பது நிமிடத்தில் வியர்த்துப்போனார். மேசையில் இருந்தவரை சுகமாக இருந்தது. பேருந்துப் படியில் கால் வைத்ததும் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் அந்தப் பட்டையைப் பார்த்தார். வாய் தானாக "ஏழு" என்றது. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா ஐயா! உடம்பு கேக்குது."

"உங்க கைராசி, டாக்டரம்மா."

வெளியே வந்ததும் மகள் முறைத்தாள். "காலைல எந்திரிக்கவே முடியல. ஏழுங்கறீங்க?"

"பாவம்மா, அவங்க கை வலிக்கப் பாக்கறாங்க. கொறையலன்னு எந்த வாயால சொல்றது?"

விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகாததுபோல, வாரம் ஓர் எண் குறைத்துக் கொண்டுபோனார். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. ஏழாவது வாரம் "ரெண்டு" என்றார். அவை எல்லாம் கடைக்குப் போகும் கடிதத்தில் ஏறுகின்றன என்று அவர் நினைக்கவே இல்லை.

கிடங்கு மேலாளர் கடிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். "அண்ணே, கொடுத்து வச்சவர் நீங்க. முழுசா குணமாயிடுச்சாம். நாளைலேர்ந்து வண்டி."

பொய் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் மூன்றாம் மாடித் திருப்பத்தில், கால் இரண்டையும் யாரோ கழற்றிக்கொண்டு போனதுபோல் இருந்தது. மெத்தைக்கு அடியில் கிடந்தார். மெத்தையை விலைக்கு வாங்கியவர் மேலேயிருந்து கத்தினார்: "பாத்துப்பா, மெத்தை அழுக்காகுது!"

மறுபடி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனபோது, வலி குறையவே இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள். "ஏன் சொல்லல?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டீங்க. மனசு நோகுமேன்னு..."

"கொறையலன்னா வேற மாதிரி பாத்திருப்பேன் ஐயா. இன்னும் சில டெஸ்ட் எடுத்திருப்பேன். நீங்க சொன்னத நம்பித்தானே அதையே செஞ்சேன்." பட்டை கட்டிய கையைப் பார்த்தபடி, "இனிமே என் கை மட்டும் பத்தாது," என்றார்.

கிடங்கு நாற்காலியில் இப்போது தோள் பிசகிய வண்டி ஓட்டுநர் இருக்கிறார். அவரை எழுந்திருக்கச் சொல்ல முடியுமா? மெத்தை தூக்கியவர் தரையில்தான் கிடக்கிறார். இடது காலில் உணர்வு பாதிதான். மனைவி இப்போது கேலி செய்வதில்லை. வீட்டில் அதுதான் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

"எத்தனைப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஒம்பதும்மா." குறைக்காமல் சொன்னார். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

கேட்டால் "பரவாயில்ல" என்றே சொல்லிப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் மருத்துவரிடம் கிளம்பும் முன், செருப்பு மாட்டுவதற்குள், இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.