லிவா மணலில் ஒரு பட்டாளமும் பன்னிரண்டு லாரிகளும்

அபுதாபிக்குத் தெற்கே பாலைவனத்தில் இருக்கும் லிவாவுக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு மெயில் போடுகிறார்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவை ரூம் நண்பர்களோடு போய், மணல் மேட்டில் நின்று போட்டோ எடுத்து, கோழி சுட்டுத் தின்றுவிட்டு வந்தோம். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். மூன்றாவது தடவை, 2008 ஜனவரியில், டியூட்டியாகப் போனேன். கூட வந்தது இருபத்து நான்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் பன்னிரண்டு லாரிகளும். எழுத வேண்டியது அதைத்தான்.

எனக்கு வேலை சார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், பழைய ராணுவ லாரிகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ஒரு கராஜில். வண்டி வாங்குகிறவர்களின் டிரைவர்களுக்கு மணலில் ஓட்டப் பழக்குவதும் என் வேலைதான். அந்த வருடம் ஓர் ஆப்பிரிக்க நாடு எண்ணூறு பேர் கொண்ட காலாட்படைப் பட்டாளம் ஒன்றைச் சர்வதேச அமைதிப்படைக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது. நாட்டின் பெயரை எழுதாதே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் மழை பெய்யும் ஊர், மணல் என்றால் ஆற்று மணல்தான் தெரியும் என்பது மட்டும் போதும். அவர்கள் போகவேண்டிய இடமோ முழுப் பாலைவனம். லாரிகளை எங்களிடம் வாங்கினார்கள். ஓட்டப் பழக டிரைவர்கள் வந்தார்கள், அவர்களுக்குத் தலைவர் சார்ஜென்ட் ஐசக். நாற்பது வயது, நல்ல உயரம், சிரிப்பு அளந்துதான் வரும்.

வந்த அன்றே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அமைதிப்படைத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதிப்பார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மணல், நான்கு மணி நேரம், பன்னிரண்டு லாரியும் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டாளத்துக்கு அனுமதி இல்லை, அந்த இடத்துக்கு வேறொரு நாடு தயாராக நிற்கிறது. பதினான்கு மாதமாகப் பயிற்சி எடுத்த எண்ணூறு பேரும் ஊரில் மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களைத் தங்கவைத்தது துபாய் சோனாப்பூரில், ஒரு லேபர் கேம்ப்பில். ஆயுதம் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, எல்லாருக்கும் கம்பெனியின் நீல உடுப்பு. பக்கத்து பிளாக் ஆட்கள் ஏதோ புது கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி என்றே நினைத்தார்கள். காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்ததைப் பார்த்தபிறகுதான் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். என் பிக்கப் முன்னால். என்னோடு பாண்டி அண்ணன், பரமக்குடிக்காரர், கராஜின் மூத்த மெக்கானிக். எமிரேட்ஸ் ரோட்டைப் பிடித்து, அபுதாபி ஊருக்குள் நுழையாமல் முசஃபா வழியாக தாரிஃப், அங்கிருந்து இடதுபக்கம் திரும்பி மதினத் சயீத், பிறகு லிவா. மொத்தம் 365 கிலோமீட்டர். காரில் நாலு மணி நேரம். லாரி என்பதால் எங்களுக்கு எட்டேகால் மணி நேரம் ஆனது. தாரிஃபுக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் ஒரு மலையாளி கடை உண்டு. சாயா ஒரு திர்ஹம், முட்டை பரோட்டா மூன்று திர்ஹம். இருபத்தாறு பேர் மொத்தமாக இறங்கியதைப் பார்த்துக் கடைக்காரர், "இது எந்தக் கம்பெனி பாய்?" என்று கேட்டார். "மழைக் கம்பெனி" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஐசக்குக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

மதினத் சயீத் தாண்டியதும் மணலின் நிறம் மாறும், கவனியுங்கள். வெளுப்பு போய்ச் சிவப்பு ஏறும். இரண்டு பக்கமும் பேரீச்சந் தோட்டம், அதன் பின்னால் மேடு மேலே மேடாக மணல். டிரைவர் ஒருவன் வாக்கிடாக்கியில், "இதுக்கு முடிவு எங்கே?" என்று கேட்டான். சவூதியில் என்றேன்.

ஊருக்குத் தெற்கே கூடாரம் போட்டோம். சாயங்காலம் நானும் பாண்டி அண்ணனும் எல்லா டயரிலும் காற்றை எண்பதிலிருந்து முப்பதுக்கு இறக்கினோம். மணலில் டயர் தளர்ந்து பரந்தால்தான் புதையாது. இது பாலபாடம். டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

மறுநாள் ஒத்திகை. காலை ஆறரைக்குக் கிளம்பி நாலாவது கிலோமீட்டரில் மானம் போயிற்று. வரிசையில் இரண்டாவதாக வந்த தண்ணீர் டேங்கர் அச்சுவரை இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சொல்லிவைத்தமாதிரி ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு, அதே தடத்தில், ஆளுக்கொரு மேட்டு ஏற்றத்தில் நிறுத்தினார்கள். நின்ற வண்டியெல்லாம் நின்ற இடத்திலேயே இறங்கியது. மொத்தம் ஏழு.

வாக்கிடாக்கியில் கத்தினேன். தடத்தை விட்டு விலகுங்கள், ஆளுக்கொரு வழி பிடியுங்கள் என்று. ஒரு ஸ்டியரிங்கூடத் திரும்பவில்லை. எனக்கு இயல்பாகவே கோபம் சீக்கிரம் வரும். ஓடிப்போய் டேங்கர் கதவைத் தட்டினேன். ஐசக் இறங்கினார். இறங்கும்போதும் டயர் பதிந்த தடத்தில்தான் காலை வைத்தார்.

"சார்ஜென்ட், தடம் மாறச் சொன்னேன்ல? ஏன் யாரும் திரும்பல?"

"மாற மாட்டாங்க, மிஸ்டர் முத்து. நான்தான் மாறக் கூடாதுன்னு பழக்கியிருக்கேன். முன்வண்டி போன தடம் மட்டும்தான் வழி. பக்கத்துல கண்ணிவெடி இருக்கும்."

"இது லிவாங்க. இங்க ஒட்டகச் சாணியைத் தவிர ஒண்ணும் கிடையாது."

"தெரியும். ஆனா நாங்க போற இடத்துல இருக்கு. இங்க ஒரு தடவை விலகிப் பழகிட்டா, அங்கேயும் கை தானா திரும்பிடும்."

நான் பழக்குவது மணலில் ஓட்ட. அவர் பழக்குவது உயிரோடு வர. கத்தியதற்கு வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

அதற்குள் பாண்டி அண்ணன் கூப்பிட்டார். "ஏப்பா முத்து, நேத்து காத்து எறக்குனோமா இல்லியா? இங்கிட்டு வந்து பாரு." கேஜை வைத்துப் பார்த்தால் எண்பது. அடுத்த லாரியும் எண்பது. பன்னிரண்டும் எண்பது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவர்கள் ராணுவத்தில் ஒவ்வொரு மட்கார்டிலும் டயர் காற்றின் அளவு வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். அதை அப்படியே எங்கள் லாரிகளிலும் எழுதச் சொல்லி, நாங்களும் 80 என்று எழுதிக் கொடுத்திருந்தோம். தினம் விடிவதற்குமுன் டிரைவர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதியிருப்பதைவிடக் குறைந்திருந்தால் தண்டனையாக மூன்று நாள் கூடுதல் காவல் டியூட்டி. நாங்கள் இறக்கியது ஏதோ செய்முறைப் பாடம், பாடம் முடிந்ததும் சரிசெய்வது தங்கள் கடமை என்று நினைத்து, நாலு மணிக்கே எழுந்து அத்தனை டயரிலும் காற்றடித்திருக்கிறார்கள். பாண்டி அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கெட்டிக்காரப் பயலுக. இவ்வளவு ஒழுக்கம் நமக்கு ஆகாதுப்பா" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு லாரியைத் தோண்டி எடுக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் பழக்கத்தை மாற்ற ஒரு நாள் போதாது. மட்கார்டை மாற்ற அரை மணி போதும். லிவா கடைத்தெருவில் வெள்ளை பெயின்ட் டின் பன்னிரண்டு திர்ஹம், பிரஷ் இரண்டு திர்ஹம். எண்பதுக்குக் கீழே 'மணல் 30' என்று ஆங்கிலத்தில் எழுதினார் பாண்டி அண்ணன். ஐசக் டிரைவர்களை வரிசையில் நிறுத்தி அதை உத்தரவாகப் படித்தார். அவ்வளவுதான், இனி முப்பதுக்கு மேல் ஒரு பொட்டு காற்று ஏறாது.

தடம் விஷயத்தில் நான் இறங்கிவந்தேன். ஒரே தடத்தில் போகட்டும், ஆனால் லேசான வண்டி முதலில் போய் மணலை அமுக்கட்டும், கனமான டேங்கர் கடைசியில் வரட்டும், நிறுத்துவதென்றால் இறக்கத்தில் மட்டும் நிறுத்தட்டும். ஐசக் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கடைசியில் இருபது கேன் தண்ணீரை முதல் லாரியில் ஏற்றியதும் சம்மதித்தார்.

சனிக்கிழமை சோதனை. வந்த அதிகாரி தென்னமெரிக்காக்காரர், மேஜர். என் பிக்கப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டை, கையில் ஒரு கடிகாரம், வாயே திறக்கவில்லை. காலை ஏழுக்குக் கிளம்பினோம். ஒரே தடம், பன்னிரண்டு லாரி. ஒவ்வொன்றும் போகப் போகத் தடம் இறுகியது. கடைசியில் வந்த டேங்கர் தார் ரோட்டில் வருவதுபோல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எட்டு வருடம் மணலில் ஓட்டிய எனக்கே அது புதுப் பாடம். இரண்டரை மணி நேரத்தில் முப்பத்தொரு கிலோமீட்டர் முடித்தோம்.

அங்கேதான் நாலாவது லாரியின் ஃபேன் பெல்ட் அறுந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவில், தடத்தின் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் எட்டு லாரி. சுற்றிப் போக வலதுபக்கம் தாராளமாக இடம் இருந்தது. ஒரு நிமிட வேலை.

ஐசக் இரண்டு பேரை இறக்கினார். ஆளுக்கொரு கம்பி. மண்டியிட்டு, மணலில் கம்பியைச் சாய்வாகக் குத்தி, ஒரு முழம் நகர்ந்து, மறுபடி குத்தி. கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போனார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம்.

பொறுக்கமுடியாமல் மேஜரிடம், "சார், இங்க வெடி எதுவும் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும். பழக்கத்துக்காகத்தான்" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சும் செய்றாங்களான்னுதான் பார்க்கிறேன்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம்.

முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. எட்டு லாரியும் நாடாவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிப் போயின. அதற்குள் பாண்டி அண்ணன் பெல்ட்டை மாட்டிவிட்டார், நாலாவது லாரி கடைசியாகச் சேர்ந்துகொண்டது. மிச்சம் இருந்தது பதினோரு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். ஒருவரும் வேகம் கூட்டவில்லை. பன்னிரண்டாவது லாரி கொடியைத் தாண்டியபோது மூன்று மணி ஐம்பத்தொரு நிமிடம். மேஜர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஐசக் முன்னால் போய் நின்று சல்யூட் வைத்தார். இருபத்து நான்கு பேரும் பாட ஆரம்பித்தார்கள். பாஷை தெரியாமல் நானும் கைதட்டினேன். பாண்டி அண்ணனைத் தூக்கிச் சுற்றினார்கள். "யல்லா, எறக்குங்கடா" என்று அவர் திட்டத் திட்ட இன்னும் உயரத் தூக்கினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் டியூட்டி முடித்ததில்லை.

இனி நீங்கள் போவதானால்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்லது. வெயில் காலத்தில் போகாதீர்கள், பிள்ளைகளோடு என்றால் நினைக்கவே வேண்டாம். பெட்ரோல் காலன் ஆறேகால் திர்ஹம், சார்ஜாவிலிருந்து போய்வர ஃபோர்வீல் வண்டிக்கு நூற்றைம்பது ஆகும். லிவாவின் பெரிய மணல் மேடான மொரீப் வரை தார் ரோடு இருக்கிறது, சாதாரணக் காரே போகும். மணலில் இறங்குவதானால் இரண்டு வண்டி இல்லாமல் இறங்காதீர்கள். காருக்குக் காற்று பதினைந்து வரை இறக்கலாம், திரும்ப ரோட்டில் ஏறியதும் மறக்காமல் அடியுங்கள். நிறுத்தும்போது மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். தெற்கே சவூதி எல்லைப் பக்கம் விளையாட்டுக்குக்கூடப் போகாதீர்கள்.

மணல் தெரிந்தவன் நான், அவர்களுக்குச் சொல்லித்தர வந்தவன் என்ற நினைப்பில்தான் அந்தப் பயணத்தைத் தொடங்கினேன். இப்போது என்னிடம் பழகுகிற டிரைவர்களிடம் முதலில் நான் கேட்பது, நீங்கள் ஓட்டப்போவது எந்த ஊர், அங்கே எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான்.

போன வாரம் ஐசக்கிடமிருந்து மெயில் வந்தது. பட்டாளம் ஒரு வருடத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டதாம். விவரமாக எழுதுகிற ஆள் இல்லை அவர். இரண்டே வரி. இருபத்து நான்கு டிரைவர்கள் போனோம். இருபத்து நான்கு பேரும் வீட்டில் இருக்கிறோம்.