வேம்பு போட்ட மெசேஜ்

எங்கள் கம்பெனியில் எனக்குப் பிடிக்காத ஒரே ஆள் வேம்பு. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடத்தான் வருகிறது.

உப்பளம் ஏரியாவில் தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனி எங்களுடையது. நான் புருஷோத்தமன், சேல்ஸ். வேம்பு வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் போனையெல்லாம் எடுப்பவள். அப்பா வேலை பார்த்த மில் மூடியதும், ப்ளஸ் டூ முடித்த கையோடு இங்கே சேர்ந்தாள். கல்யாணமாகிக் கோரிமேட்டுக்குப் போனாள், இரண்டு பிள்ளை பெற்றாள், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். மேஜை மட்டும் மாறவில்லை. போனை எடுத்ததுமே, "முட்டி வலி தேவலையாண்ணே?" என்று ஆரம்பித்துவிடுவாள். என்னிடம் மோட்டார் வாங்கியவன் அவளிடம் ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என் லைனுக்கே வருவான். வந்தாலும், "எல்லாத்தையும் வேம்பும்மாகிட்ட சொல்லிட்டேன், கேட்டுக்க" என்பான். நாய் மாதிரி அலைந்து விற்றவன் நான். பெயர் அவளுக்கு. வயிறு எரியுமா, எரியாதா?

அப்போதுதான் முதலாளி கலியபெருமாள் புது போன் சிஸ்டம் போட்டார். ஆளுக்கொரு டைரக்ட் நம்பர். நாம் சீட்டில் இல்லாவிட்டால், கூப்பிட்டவர் பேசுவது நம்முடைய வாய்ஸ் மெயில் பெட்டியில் பதிவாகிவிடும். மாட்ட வந்த டெக்னீஷியன் செம்மல் சொல்லிக் கொடுத்தான்.

"மெசேஜ் வந்தா போன் மூலைல இந்த வெளக்கு எரியும் சார். இந்த பட்டன அமுக்கி உங்க பின் நம்பரப் போட்டா கேக்கலாம். கேட்டுட்டீங்கன்னா வெளக்கு அணைஞ்சிடும்."

பெட்டியில் வைக்கிற வரவேற்புப் பேச்சை மற்றவர்களெல்லாம் வேம்புவையே பேச வைத்தார்கள். நான் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு என் குரலிலேயே பதிவு செய்தேன். இனி இவள் தயவு வேண்டாம் என்று மனசு குளிர்ந்து போயிருந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் கார்டின் பின்னால் புது நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

ஒருத்தனும் கூப்பிடவில்லை. பழைய நம்பரையே அடித்து அவளிடமே பேசினார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவள் போனில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் போனோ இருட்டிலேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டுத் தலையில் குண்டைப் போட்டார். "ஒவ்வொரு நம்பருக்கும் தண்டமா வாடகை கட்டிட்டிருக்கேன். திங்கக்கெழம காலைல ஒரு சுத்து வருவேன். யார் போன்ல வெளக்கு எரியலையோ, அந்த நம்பரப் புடுங்கிடுவேன்."

உடனே எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். கேட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று, வந்த மெசேஜைக் கேட்காமலே அடைகாத்தார்கள். எனக்கு அடைகாக்கவும் ஒன்று இல்லை. நம்பர் போய்விட்டால் மறுபடியும் வேம்பு கொடுத்தால்தான் எனக்கு லைன். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திங்கள் காலை வந்து பார்க்கிறேன், என் போனில் விளக்கு எரிகிறது. நானும் கேட்கவில்லை. அவள் மேஜைப் பக்கம் போய், "பாத்தியா வேம்பு, நம்மளத் தேடியும் ஆளு இருக்கு" என்றேன்.

"ஆமா சார்" என்றாள். உடனே அடுத்த போனை எடுத்துவிட்டாள். பொறாமை போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

முதலாளி வந்தார், விளக்கைப் பார்த்தார், "இது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் ரூமுக்குப் போனார். நான் நிதானமாக உட்கார்ந்து, பட்டனை அமுக்கி, பின் நம்பரைப் போட்டேன்.

"சார், வேம்பு பேசறேன். கெளம்பறப்ப பாத்தேன், உங்க வெளக்கு மட்டும் எரியல. அதான் ஒண்ணு போட்டு வெக்கிறேன். மொதலாளி பாத்துட்டுப் போறவரைக்கும் கேட்டுடாதீங்க சார், அணைஞ்சிடும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் போனில் யாரிடமோ பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். இதிலும் நல்ல பெயர் அவளுக்குத்தானா? நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, வாய் வரவில்லை. முன்னைவிட இப்போதுதான் வயிறு அதிகமாக எரிந்தது.

அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் பெட்டியில் ஒன்றுமே இருக்காது.