சேலைத் தடுப்புக்கு முன்னால்

பாளையம்பட்டியில் ஓர் ஒற்றை அறை வீட்டைச் சேலையால் இரண்டாகத் தடுத்து, வாசல் பக்கம் தையல் மிஷின் போட்டிருந்தார் அந்த அக்கா. எலும்பும் தோலுமான உடம்பு. யாராவது பேச வந்தால் போதும், துணியே வைக்காமல் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். பின்பக்கம் கிழிந்த கால்சட்டையைக் கையால் பொத்திக்கொண்டு போன நான், “காத்துக்கு ஜாக்கெட்டு தைக்கிறீகளாக்கா?” என்றேன்.

“உள்ள அவுக இருமுறது வெளிய கேக்கக்கூடாது தம்பி. காசநோயின்னு தெரிஞ்சா எவ துணி குடுப்பா?”

அந்த நேரம் பார்த்து, மறுநாள் கல்யாணம் நடக்கவிருந்த பெண் தன் தாயோடு ரவிக்கைக்குக் கை அளவு கொடுக்க வந்துவிட்டாள். அளவெடுக்க எழுந்தால் மிஷின் நின்றுவிடும்.

“நீங்க சத்தமாப் பேசுங்க தம்பி,” என்று கிசுகிசுத்தார் அக்கா.

வாத்தியாரிலிருந்து பெண்டாட்டி வரை, வாயை மூடச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். மாமனார் வீட்டில் மாடு முட்டி நான் சாணிக்குழியில் விழுந்த கதையைக் கத்திச் சொன்னேன். அக்கா அளவெடுத்து முடிக்கும்வரை அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் ரவிக்கையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள்.

உள்ளே இருமல் நின்றிருந்தது. அக்கா தடுப்புக்குள் போய், வெகுநேரம் கழித்து வந்தார்.

“அவுக போயிட்டாக தம்பி.”

நான் பதறி எழுந்தேன். “ஆளுகளக் கூப்புடவாக்கா?”

“உக்காருங்க. இப்ப அழுதா ஊரு கூடிரும். எழவு வீட்டுல தச்ச ரவிக்கைய எந்தக் கல்யாணப் பொண்ணு போடுவா? நாளப்பின்ன எவ வருவா? இந்தக் கையத் தச்சுக் குடுத்துட்டு அழுதுக்கிறேன்.”

மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தார். ஒரே தடவையில் நூல் ஏறிவிட்டது. அது எப்படி என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.