பனி விலகட்டும்

கண்டரமாணிக்கம் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். நரைத்த மீசை, தோளில் சிவப்புத் துண்டு. பனியில் சாலை மறைந்தால் பஸ்ஸை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு நிதானமாக வெற்றிலை போடுவார்.

அந்தத் தை மாதக் காலையிலும் நிறுத்திவிட்டார். அன்று என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் போகாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்கமாட்டார்கள்.

"ஏண்ணே நிறுத்துறீக? முகூர்த்தம் தப்பிரும், விரட்டுங்க!" என்று கத்தினேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "முன்னாடி ஒரு செட்டியார் வீட்டுல கார் ஓட்டினேன். ஒருநா மதுரைக்கு விரட்டிக்கிட்டுப் போயி அவுகளைப் பிளேன் ஏத்திவிட்டேன். 'நல்ல வேளை, நேரத்துக்குக் கொண்டாந்துட்டே'ன்னு தோளைத் தட்டிட்டுப் போனாக. அந்தப் பிளேன் பனியில கண்ணு தெரியாம மலையில மோதிருச்சு. ஒருத்தரும் மிஞ்சலை."

சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

பனி விலகியதும் கிளம்பினோம். கல்யாண வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். முகூர்த்தத்துக்குக் கொஞ்சமே நேரம் இருந்தது. அக்கா ஓடிவந்து, "எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "நல்லாத் திட்டுங்க ஆச்சி. ஆளு வந்துட்டாருல்ல!" என்றார்.

இப்போதும் வீட்டில் யாராவது தாமதமாக வந்தால் நன்றாகத் திட்டுகிறேன். திட்டும்போதே மனசு நிறைந்துவிடுகிறது.