சைலன்சர் போட்ட சத்தம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய காலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு தொழிற்சாலைக் காவலர். முன்பு ராணுவத்தில் இருந்தவர். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையில் ஆறு பித்தான்கள், ஆறையும் போட்டிருந்தார்.

என் மடியில் நான் எழுதிய துப்பறியும் கதை. மூன்று பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்தது. நான்காவதற்கு அன்று தபாலில் சேர்க்க வேண்டும்.

"இன்னா சார் அது?" என்றார். படித்துக் காட்டினேன். கொலைகாரன் துப்பாக்கியில் சைலன்சர் மாட்டிச் சுடுகிறான். பக்கத்து அறையில் மூன்று பேர் அசையாமல் தூங்குகிறார்கள்.

"மூணு பேரும் செவுடா சார்?"

"சைலன்சர் போட்டா 'உஸ்'னுதானே கேக்கும்?"

அவர் தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸை இரும்புத் தரையில் ஓங்கிப் போட்டார். மூடி திறந்து புளிசாதம் சிதறியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தினி பேரு திரும்புனாங்க?"

"பதினோரு பேர்."

"சைலன்சர் போட்டாலும் இத்தவிட பெரிய சத்தம் சார். அது ஊர ஏமாத்த இல்ல, சுடறவன் காத காப்பாத்த. எங்களுக்கு அத்த குடுக்கல." இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

மீஞ்சூரில் இறங்கி, கதையைத் தபாலில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். திருத்தி எழுதியதில் இப்போது மூவரும் விழித்துக்கொள்கிறார்கள். கொலைகாரன் இரண்டாம் பக்கத்திலேயே பிடிபடுகிறான். மீதி ஒன்பது பக்கத்துக்கு வழி தெரியவில்லை. ஆனாலும் பழையபடி மாற்ற மனம் வரவில்லை. என் கதையில் ஒரு சத்தம் சரியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் அன்று மதியம் பட்டினி கிடந்திருக்கிறார்.