பதினைந்து ரூபாய் கட்டி மணல் பெருக்கிய ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகள் போன வாரம் போன் செய்தாள். ஏதோ ஒரு கோல்ஃப் போட்டிக்குத் தொண்டராகப் போக ஆசையாம். ஆனால் தொண்டு செய்யப் போகிறவர்களே கட்டணம் கட்ட வேண்டுமாம். சட்டை, தொப்பி, சாப்பாடு, போட்டி முடிந்த பிறகு ஒரு நாள் அதே மைதானத்தில் ஆட அனுமதி, எல்லாம் அதில் அடக்கம். "வேலையும் செஞ்சு பணமும் கட்டணுமா பெரியம்மா? அநியாயமா இல்லே? கட்டலாமா?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நானும் ஒருமுறை கட்டியவள்தான். 1974, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவள்ளூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். அதற்கு முந்தைய வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலையில் பூஜைக்கு அப்பாவை அழைத்திருந்தார்கள். பிரசாதக் கூடையைத் தூக்க நானும் போனேன். ஆலைக்குப் பின்னால் அதிகாரிகள் ஆட ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். அங்கே ஓர் அதிகாரியின் மனைவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்டையைச் சுழற்றி ஒரே அடி அடித்தாள். பந்து சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் எதையும் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. சொம்பைக்கூடச் சத்தம் வராமல் வைக்க வேண்டும். என் கையிலிருந்து ஒரு பொருள் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அன்றைக்கு வந்த ஆசை, தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

அந்த ஆலையிலிருந்து எங்கள் வக்கீலிடம் வந்துபோன ஒருவர் மூலம் விஷயம் தெரிந்தது. போட்டி நடக்கிறது, தொண்டர்கள் வேண்டும், கட்டணம் பதினைந்து ரூபாய். அதற்கு ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு பேட்ஜ், மதியச் சாப்பாடு, இரண்டு டீ. முக்கியமாக, போட்டி முடிந்து நாலரை மணிக்குத் தொண்டர்கள் ஆளுக்கு மூன்று பந்து அடிக்கலாம். என் சம்பளம் மாதம் நூற்று நாற்பது. யோசிக்காமல் கட்டினேன். தொப்பியும் பேட்ஜும் அப்போதே கைக்கு வந்துவிட்டன. அப்பாவிடம் 'டைப் வேலை' என்று மட்டும் சொன்னேன்.

திருவள்ளூரில் காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். பெரியபாளையத்துக்கு எண்பத்தைந்து பைசா, ஒரு மணி நேரம். அங்கே இறங்கி மாற வேண்டும். கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார்: "மறக்காம எறங்கிக்கோம்மா, தூங்கிட்டா திரும்ப இதே பஸ்லதான் ஊட்டுக்குப் போவணும்." நான் தூங்குகிற நிலையில் இல்லை. அடுத்த பஸ் கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு, தொண்ணூற்றைந்து பைசா. எட்டேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து மைதானம் இரண்டு கிலோமீட்டர். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் என் தொப்பியை ஏற இறங்கப் பார்த்தார். "தொரைங்க பந்து தட்ற எடமா? அங்க உனுக்கு இன்னா வேலை?" என்றார். முக்கால் ரூபாய் பேசி, சாயங்காலமும் வந்து அழைத்துப் போகச் சொன்னேன். திருவள்ளூர் போய்ச்சேரக் கடைசி வழி ஐந்து பத்து பஸ்தான். அதை விட்டால் பெரியபாளையத்தில் அடுத்த பஸ் கிடைக்காது.

மைதானம் என்றதும் பச்சைப் பசேலென்று கற்பனை செய்ய வேண்டாம். ஏரிக்கரையை ஒட்டிய கட்டாந்தரை, முள், நடுநடுவே சவுக்கு. பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் கழிவெண்ணெய் கலந்த மணலைக் கொட்டிக் கெட்டித்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'பிரவுன்'. ஆடுபவர்கள் ஒவ்வொரு குழுவாக வந்து போனதும் அவர்களின் கால்தடம் மறைய, சாக்கு சுற்றிய கட்டையை மணல்மேல் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். தொண்டர்களைக் கவனித்துக்கொண்ட ஆலை ஆபீஸ் நாயுடு என்னை ஆறாவது குழிக்கு அனுப்பினார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா. இன்னா ஆனாலும் சரி, பந்தை மட்டும் தொடாத. அது கெடக்குற எடத்துலயே கெடக்கணும்" என்றார். நன்றாகத் தலையாட்டினேன்.

ஆறாவது குழியில் ஏற்கெனவே ஒரு பெண் கட்டையோடு நின்றிருந்தாள். பக்கத்துக் கிராமத்து முனியம்மா. என் வயதுதான் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் அங்கே மணல் பெருக்குகிறவள்.

"உனுக்கு இன்னா கூலி?" என்றாள்.

"கூலி கிடையாது. நான்தான் பதினஞ்சு ரூபா கட்டியிருக்கேன்."

கட்டையை இழுத்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "துட்டு குட்த்துட்டு வேலை செய்ய வந்துக்கிறியா? எனுக்கு நாளைக்கு மூணு ரூபா குடுக்குறாங்கோ. நீ சும்மா குந்து, நான் இழுக்குறேன்."

நான் உட்காரவில்லை. கட்டின காசுக்கு நானும் இழுப்பேன் என்று வீம்பாக இழுத்தேன். பத்து மணிக்குள் உள்ளங்கையில் கொப்புளம். எண்ணெய் வாடை புடவையில் ஏறிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து மண்டபத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. பெரிய அதிகாரிகள் பந்தோடு கெஞ்சிக் கெஞ்சிப் பேசுவதை ஐந்தடி தூரத்தில் நின்று கேட்டேன். அடிக்கும் முன்னால் அவர்கள் கால் எப்படி ஊன்றுகிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். நாலரை மணிக்கு நான் அடிக்கப்போகும் மூன்று பந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

மதியம் இரண்டு மணி சுமாருக்கு அது நடந்தது. ஒரு கண்ணாடிக்காரர் அடித்த பந்து பிரவுனுக்கு வராமல் ஓரத்துச் சேற்றில் விழுந்து, உருண்டு, என் காலருகே வந்து நின்றது. எங்கள் வீட்டு வளர்ப்பைச் சொல்ல வேண்டும். பெருமாள் புறப்பாட்டில் மாலையிலிருந்து ஒரு பூ விழுந்தாலும் யார் காலிலும் படும் முன் எடுக்க வேண்டும். எடுத்து, துடைத்து, தட்டில் சேர்க்க வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை அது. நாயுடு சொன்னதைக் காது கேட்டிருந்தது, கை கேட்கவில்லை. குனிந்து பந்தை எடுத்தேன். முந்தானையால் சேற்றைத் துடைத்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், கொஞ்சம் குனிந்தே, அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவே யாரோ பிரசாதம் நீட்டியதுபோல் பார்த்தார். எதிராளி ஆட்சேபித்துக் கையை உயர்த்திவிட்டார். பந்தைக் கிடந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டுமாம். அந்த இடம் எது என்பதில் சண்டை. இங்கே என்றார் ஒருவர், ஒரு முழம் தள்ளி என்றார் மற்றவர். என்னைக் கேட்டார்கள். சேற்றில் குனிந்து தேடினேன், என் கால்தடம்தான் இருந்தது. நாயுடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு! அத்தனை தபா சொன்னேனே!" என்று பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, தணிந்த குரலில், "பேட்ஜ் இல்லாதவங்களுக்குச் சாயங்காலம் பந்து கெடையாது. மேல கேப்பாங்கம்மா, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். தொப்பியை மட்டும் விட்டுவிட்டார்.

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். நாலரைக்கு மற்ற தொண்டர்கள் வரிசையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் மண்ணைத்தான் அடித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு சவுக்கு ஓரமாக வெளியே நடந்தேன்.

"ஏ, இங்க வா!" முனியம்மாவின் குரல். துடைப்பங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மட்டையை உருவினாள். தலை ஆடாமலிருக்கக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ முள்ளில் எறிந்துவிட்டுப் போனதாம். "அல்லாரும் போனப்புறம் நான் டெய்லி ரெண்டு அடி அடிப்பேன். சும்மா ஜிவ்வுன்னு போவும். யாரும் பாக்கல, அடி."

ஒரு சிட்டிகை மணலைக் குவித்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு பழைய பந்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். மட்டையைக் கையில் வாங்கினேன். நினைத்ததைவிடக் கனம். காலை ஊன்றினேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்த அத்தனையும் அப்போது என் உடம்பில் இருந்தது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், அடித்திருப்பேன்.

ரிக்‌ஷா மணி அடித்தது. "நாலு அம்பது ஆயிடுச்சு! பஸ்ஸு வேணுமா வேணாமா?"

அப்பா வாசலில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. வயசுப் பெண், பெரியபாளையத்தில் பஸ் இல்லாமல். மட்டையை இரண்டு கையாலும் முனியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒரு வீச்சுக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? அந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை. ரிக்‌ஷா திரும்பும்போது பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். என் பந்தை அவள் அடித்திருந்தாள். சவுக்கு உச்சிக்கும் மேலே போவதைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏழே முக்காலுக்கு வீடு. "வேலை முடிஞ்சுதாம்மா?" என்றார் அப்பா. "முடியலைப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு கல்யாணம், ஊர் ஊராக மாற்றல். எங்கே கோல்ஃப் மைதானம் கண்ணில் பட்டாலும் வேலி ஓரம் கொஞ்ச நேரம் நிற்பேன். உறுப்பினர் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. இப்போது வலது கையைக் காதுக்குமேல் தூக்க வராது. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. டிவியில் யாராவது மட்டையை ஓங்கினால் என் மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள், ஆட விடுவார்களா, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது உட்பட. தொப்பி கொடுத்தாலும் குடை கொண்டுபோங்கள். பழகிய செருப்பு போடுங்கள். கழிப்பறை எங்கே என்று போனதும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலிக்கு வேலை செய்கிறவர்களோடு பேசுங்கள், மைதானம் அவர்களுக்குத்தான் தெரியும். பந்தைத் தொடாதீர்கள்.

கட்டலாமா என்று கேட்டாயே கண்ணம்மா, கட்டு. காசு போனதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அங்கே யாராவது உன் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தால், வெளியே எவன் எத்தனை மணி அடித்தாலும் அடித்துவிட்டு வா. நான் அன்றைக்கு ஐந்து பத்து பஸ்ஸைச் சரியாகப் பிடித்தேன். ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.