பத்து சென்டிக்கு ஒரு பீஸ்

அந்தத் திரைச்சீலைக் கடையில் அக்கா இருபத்தொரு வருடமாகத் துணி வெட்டுகிறாள். ஜன்னல் அளவைச் சொன்னால் போதும், மடிப்புக்கு இவ்வளவு, சுருக்கத்துக்கு இவ்வளவு என்று மனக்கணக்காகச் சேர்த்துக் கத்தரியை வைப்பாள். கடை அண்ணனுடையது. அதற்கு இணையத்தில் ஒரு கடை கட்டித்தருவது தம்பியின் பொறுப்பு. அவரைக் கடையில் எல்லோரும் ‘கட்டமைப்பு ஐயா’ என்பார்கள். தும்மினாலும் அவர் வாயில் ‘கட்டமைப்பு’ என்றுதான் வரும்.

இந்த வேலைக்கென்றே ஓப்பன் சோர்ஸில் ஒரு மென்பொருள் இருந்தது. யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தது. வாங்குபவர் பொருளைப் போட்டுவைக்கும் கூடைக்கு ஒரு மாட்யூல், அதாவது ஒரு தனிப் பகுதி, விலைக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று. பிடிக்காததைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டலாம். ஐயா முதல் வாரமே அதை நிறுவினார். அக்கா உட்கார்ந்து அறுபத்துநான்கு துணிகளுக்குப் படமும் விலையும் ஏற்றினாள். மறுநாளே திறந்திருக்கலாம்.

கழற்றலாம் என்று எழுதியிருந்ததை, கழற்றியே தீரவேண்டும் என்று ஐயா படித்துக்கொண்டார். முதலில் கூடை போயிற்று. ஊரெல்லாம் பயன்படுத்தும் அந்தக் கூடையில் இருந்த ஒரே குறை, அது அவர் செய்ததல்ல என்பதுதான். புதுக் கூடையோடு விலை மாட்யூல் பேசவில்லை, அதையும் கழற்றினார். அப்புறம் இருப்பு. பதினாறு மாதம் ஓடிற்று. கேட்டால், “எல்லாரும் எண்ணி விக்கிறாங்க, நாம அளந்து விக்கிறோம்” என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து நின்றார். “திங்கக்கிழமைக்குள்ள திறக்கலேன்னா நான் ஆன்லைன்ல எல்லாரும் விக்கிற அந்தப் பெரிய தளத்துல சேர்ந்துடுறேன். அவங்க ரெடிமேட் அளவு மட்டும்தான் எடுப்பாங்க. வெட்டு மேசை வேண்டியிருக்காது.” மேசை போனால் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்கா தம்பியிடம் போனாள். “டேய், முதல் வாரம் வச்சியே, அது இருக்கா?”

“காப்பி இருக்கு. ஆனா அதுல முழு எண்ணுதான் போட முடியும்கா. ரெண்டு மீட்டர் முப்பது சென்டி வேணும்னா என்ன பண்ணுவாங்க?”

“பத்து சென்டி ஒரு பீஸ்னு போடு. இருபத்துமூணு பீஸ் வாங்கட்டும். ஒரே துண்டா வரும்னு கீழ எழுதிடு.”

ஐயாவின் முகம் புளித்தது. “இது ஒரு கட்டமைப்பாக்கா?”

“பதினாறு மாசமா பூட்டிக் கிடக்கற கடைக்குக் கட்டமைப்பு ஒண்ணுதான் குறைச்சல். போடுடா.”

நாற்பது நிமிடத்தில் போட்டார். மீட்டர் விலைகளையெல்லாம் பத்தால் வகுத்து அக்காவே மாற்றினாள். சனிக்கிழமை கடை திறந்தது. ஞாயிறன்று மூன்று ஆர்டர்கள். ஒருவர் இரண்டு பீஸ் கேட்டிருந்தார். அக்கா போன் போட்டு, “சார், இருபது சென்டி வரும். பொம்மை வீட்டுக்கா?” என்றாள். அவர் சிரித்துவிட்டு இருபது பீஸாக மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அண்ணன் வந்தபோது அவள் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். பெரிய தளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், “பார்சல் கவர் எவ்வளவு வேணும்?” என்று கேட்டார்.

ஐயா இப்போது தனிப் பிரதி ஒன்றில் கூடையை மூன்றாம் முறையாக எழுதுகிறார். ஓடுகிற கடையின் கடவுச்சொல்லைக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை.